வேற்றினத்து விந்தணுவை முட்டை எப்படி அறிகிறது? – வாசகர் கேள்வி பதில்

64 குரோமோசோம்கள் கொண்ட குதிரைக்கும் 62 கொண்ட கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை, 63 குரோமோசோம்களோடு ஏன் மலடாகிறது என்பதைச் சென்ற இதழில் விளக்கியிருந்தோம். அதைப் படித்த பலர் அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். வெவ்வேறு இனங்களின் விந்தணுவும் முட்டையும் சந்தித்தால் கருவுறுதல் நிகழ்ந்துவிடுமா, நிகழாவிட்டால் தடுப்பது எது என்பதே அவர்கள் கேட்பதன் சாரம். வந்தவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பட்டியில் செம்மறியும் வெள்ளாடும் ஒன்றாகத்தான் அடைகின்றன. செம்மறிக் கிடா வெள்ளாட்டுப் பெட்டையோடு சேர்வதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கலப்புக் குட்டி பிறந்து பார்த்ததில்லை. பசு, எருமை விஷயத்திலும் அப்படித்தான். இவற்றில் கருவே உண்டாவதில்லையா? (ஆடு வளர்க்கும் வாசகர், விருதுநகர் மாவட்டம்)

பதில்: செம்மறிக்கு 54 குரோமோசோம்கள், வெள்ளாட்டுக்கு 60. இருந்தாலும் செம்மறிக் கிடாவின் விந்தணு வெள்ளாட்டு முட்டைக்குள் நுழைவதுண்டு, கருவும் உண்டாகிறது. அந்தக் கரு பெரும்பாலும் இரண்டு மாத அளவில் மடிந்துவிடுகிறது. நச்சுக்கொடி சரியாக அமையாததும், கருவின் அயல் புரதங்களுக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குவதும் இதற்குக் காரணங்களாக அறியப்பட்டுள்ளன. ஆகவே, பட்டியில் உங்களுக்குச் சினை பிடிக்காததுபோல் தெரிவது, உண்மையில் சினை பிடித்துக் கலைந்ததாகவும் இருக்கலாம். வெள்ளாட்டின் பருவச் சுழற்சி ஏறக்குறைய 21 நாள். செம்மறிக் கிடாவோடு சேர்ந்த பெட்டை அடுத்த சுழற்சியில் பருவத்துக்கு வராமல், பல வாரங்கள் கழித்து மீண்டும் வந்தால், இடையில் ஒரு கரு தங்கிக் கலைந்திருக்கக்கூடும் என்று நீங்கள் ஐயுறலாம். மிக அரிதாக 57 குரோமோசோம்களோடு உயிருள்ள கலப்புக் குட்டிகள் பிறந்து பதிவாகியும் உள்ளன.

இதையே மாற்றி, வெள்ளாட்டுக் கிடாவைச் செம்மறிப் பெட்டையோடு சேர்த்தால் கருவுறுதலே அரிது. இரண்டும் அதே இரு இனங்கள்தான். எது தாய், எது தந்தை என்பது மாறியவுடன் தடை நிற்கும் இடமும் மாறிவிடுகிறது. இந்தத் திசை வேற்றுமையை மனத்தில் வைத்திருங்கள். பயறு வகைகளைப் பற்றிய கேள்வியில் இது மறுபடியும் வரும்.

பசுவுக்கு 60 குரோமோசோம்கள். மூர்ரா போன்ற நம் எருமைகளுக்கு 50. தொழுவத்தில் இவை சேர்ந்தாலும் கன்று பிறப்பதில்லை. ஆய்வகத்தில் பசுவின் முட்டையோடு எருமையின் விந்தணுவைச் சேர்த்தபோது கரு உண்டானது, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை முதல் சில செல் பிரிவுகளோடு நின்றுவிட்டன. முதல் பிரிவுகள் முட்டையில் தாய் சேர்த்து வைத்த பொருள்களைக் கொண்டே நடந்துவிடுகின்றன. எட்டுச் செல் கட்டத்தை ஒட்டித்தான் கருவின் சொந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. தாய்வழி, தந்தைவழிக் கட்டளைகளின் பொருந்தாமை அங்கேதான் வெளிப்படுகிறது. ஆக, நீங்கள் சொன்ன இரண்டு ஜோடிகளிலும் முக்கியமான தடை கருவுறுதலுக்குப் பின்னால் இருக்கிறது. முட்டையின் வாசலிலேயே நிற்கும் தடையை அறிய வேண்டுமென்றால் கடலுக்குப் போக வேண்டும்.

கேள்வி: கடல் உயிர்கள் பலவும் விந்தையும் முட்டைகளையும் தண்ணீரிலேயே விட்டுவிடுகின்றன என்று பாடத்தில் படித்தோம். ஒரே பாறையில் பல இனங்கள் வாழும்போது எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடாதா? (கல்லூரி மாணவி, இராமநாதபுரம்)

பதில்: கலந்துவிடும் ஆபத்து உண்மையானது, நிலத்து விலங்குகளைவிடக் கடல் உயிர்களுக்கே அது அதிகம். நிலத்தில் இணையைத் தேர்வதிலேயே, குரல், மணம், நிறம் ஆகியவற்றாலேயே, பாதிக் கலப்பு தவிர்க்கப்பட்டுவிடுகிறது. பாறையில் ஒட்டிக்கிடக்கும் உயிருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது தன் இனப்பெருக்க அணுக்களை நீரோட்டத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. அதன் பிறகு தேர்வு முழுவதும் அந்த அணுக்களின் பொறுப்பு.

சில இனங்கள் நேரத்தால் விலகிக்கொள்கின்றன. கரீபியக் கடலில் ஆர்பிசெல்லா என்ற பவளப் பேரினத்தின் நெருங்கிய இனங்கள் ஒரே இரவில் அணுக்களை விடுகின்றன. ஆனால் அவற்றுள் ஒன்று மற்றவற்றைவிட ஒன்றிரண்டு மணி நேரம் முந்திக்கொள்கிறது. அதற்குள் அதன் விந்து நீரில் கலைந்து நீர்த்துப்போவதால், பின்னால் வரும் இனத்தின் முட்டைகளை அது எட்டுவது குறைந்துவிடுகிறது.

நேரமும் ஒத்துப்போகும் இடத்தில் மூலக்கூறுகள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இதை மிகத் தெளிவாகக் காட்டியவை, முட்கள் மூடிய உருண்டையான கடலடி உயிர்களான கடல் முள்ளெலிகள். அவற்றின் முட்டையைச் சுற்றி ஒரு கூழ் உறை இருக்கிறது. விந்தணு அதைத் தொட்டவுடன், கூழில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகள் தன் இனத்துக்கு உரியவையாக இருந்தால், விந்தணுவின் தலை நுனியிலுள்ள சிறு பை உடைந்து, மெல்லிய விரல் போன்ற ஒரு நீட்சி முன்னோக்கிப் பாய்கிறது. வேற்றினத்துக் கூழ் என்றால் பல சமயம் இந்தப் பை உடைவதே இல்லை. அந்த நீட்சியின் மேற்பரப்பில் பூசியிருக்கும் புரதம்தான் பிண்டின். 1977-ல் அமெரிக்காவில் விக்டர் வாக்கியேயும் உடன் பணியாற்றியவர்களும் இதைப் பிரித்தெடுத்தார்கள். பசிபிக் கரையில் அருகருகே வாழும் ஊதா முள்ளெலி, சிவப்பு முள்ளெலி இரண்டிலிருந்தும் பிண்டினை எடுத்து முட்டைகள் மிதக்கும் நீரில் இட்டுப் பார்த்தபோது, ஊதா இனத்தின் பிண்டின் ஊதா இனத்து முட்டைகளையும், சிவப்பு இனத்தின் பிண்டின் சிவப்பு இனத்து முட்டைகளையும் ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்தது. உயிருள்ள விந்தணு அங்கே இல்லை. புரதம் மட்டுமே இருந்தது. தன் இனம் எது என்று அறியும் திறன் அந்தப் புரதத்திலேயே அடங்கியிருப்பதை இதைவிட எளிமையாகக் காட்ட முடியாது என்று நான் நினைக்கிறேன்.

கலிபோர்னியக் கரையின் அபலோன் நத்தைகளில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. அங்கே விந்தணு லைசின் என்ற புரதத்தை வெளியிடுகிறது. அது முட்டையுறையின் இழைகளோடு பிணைந்து, அவற்றைச் சிதைக்காமல் அவிழ்த்து, ஒரு துளையை உண்டாக்குகிறது. நொதிபோல் வெட்டுவதில்லை என்பதால், உறையிலுள்ள புரதத்தின் வடிவத்தோடு லைசின் பொருந்தியே ஆக வேண்டும். பொருந்தாவிட்டால் துளை விழாது. வியப்பு என்னவென்றால், இந்த லைசின் மிக வேகமாக மாறிவரும் புரதங்களுள் ஒன்று. நெருங்கிய அபலோன் இனங்களிடையேகூட அதன் அமினோ அமிலங்கள் பெரிதும் வேறுபடுகின்றன.

இத்தனை அடிப்படையான ஒரு வேலையைச் செய்யும் புரதம் மாறாமல் நிலைத்திருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? பலரும் ஏற்கும் விளக்கம் இது: ஒரு முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் கரு அழிந்துவிடும். ஆகவே விந்து மிகுந்த நீரில், நுழைவைச் சற்றுக் கடினமாக்கும் முட்டைகள் தப்பிப் பிழைக்கின்றன. அந்தக் கடினத்தைத் தாண்ட வல்ல விந்தணுக்கள் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. இந்த இழுபறி ஒவ்வொரு கூட்டத்திலும் தனித்தனித் திசையில் போகும்போது, பிரிந்து வாழ்ந்த இரண்டு கூட்டங்களின் அணுக்கள் ஒரு காலத்தில் ஒன்றையொன்று அறியாதவை ஆகிவிடுகின்றன. இனங்களைப் பிரித்து வைப்பதற்காகவே இத்தடைகள் தோன்றின என்று பாடநூல்கள் சில சமயம் எழுதுகின்றன. அது பெரும்பாலும் சரியில்லை. முட்டைக்கும் விந்தணுவுக்கும் இடையே தன் இனத்துக்குள்ளேயே நடக்கும் மாற்றங்களின் பக்க விளைவாகத்தான் பல தடைகள் உருவாகியிருக்கின்றன.

கேள்வி: மனித விந்தணுவை, எலி போன்ற சிறு விலங்கான ஹாம்ஸ்டரின் முட்டையோடு சேர்த்துச் சோதிப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். நம்ப முடியவில்லை. உண்மையென்றால், இனத் தடை என்று எதைச் சொல்கிறீர்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி)

பதில்: உண்மைதான். 1976-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ரியூசோ யானகிமாச்சியும் உடன் பணியாற்றியவர்களும் அதைச் செய்து காட்டினார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்தியது முழு முட்டை அன்று. பாலூட்டிகளின் முட்டையைச் சுற்றி ஜோனா பெலூசிடா என்ற கண்ணாடி போன்ற தெளிந்த உறை உண்டு. நொதிகளைக் கொண்டு அந்த உறையைக் கரைத்து நீக்கிவிட்டு, வெறும் முட்டையை மனித விந்தணுக்களோடு வைத்தார்கள். சில மணி நேரத்தில் விந்தணுவின் தலை முட்டைக்குள் போய் உப்பி நிற்பதை நுண்ணோக்கியில் காண முடிந்தது. உறை இருந்தபோது அது நடக்கவில்லை. ஆணின் விந்தணுவுக்கு முட்டைக்குள் நுழையும் திறன் இருக்கிறதா என்று அறிய மலட்டுத்தன்மைச் சிகிச்சை மையங்கள் இதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தின; அந்தக் கலவை வளர்ந்து கருவாவதில்லை, சோதனை நுழைவைக் கண்டதோடு முடிந்துவிடும். விந்தணுவை நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை 1992-ல் வந்த பிறகு அதன் தேவை குறைந்துவிட்டது.

இதிலிருந்து, தடை ஒன்றல்ல, ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை என்பது தெரிகிறது. முதல் தடை அந்த உறை. 2012-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் சுண்டெலியின் முட்டையுறையில் இசட்பி2 என்ற மனிதப் புரதம் அமையும்படி செய்தபோது, அதுவரை சுண்டெலி முட்டையைத் திரும்பிப் பார்க்காத மனித விந்தணுக்கள் வந்து ஒட்டிக்கொண்டன. உறையைத் துளைத்து உள்ளேயும் போயின. ஆனால் உறைக்கும் முட்டைக்கும் இடையிலுள்ள வெளியில் தேங்கி நின்றனவே தவிர, முட்டையோடு இணையவில்லை. இரண்டாவது தடை முட்டையின் மேற்சவ்வில் இருப்பதே காரணம்.

அந்தச் சவ்வில் நடப்பதைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டார்கள். விந்தணுவின் மேல் இசுமோ1 என்ற புரதம் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-ல் கண்டார்கள். முட்டையின் மேல் அதைப் பற்றிக்கொள்ளும் ஜூனோ என்ற புரதத்தை 2014-ல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில் கண்டார்கள். ஜூனோ இல்லாத பெண் சுண்டெலிகளும், இசுமோ1 இல்லாத ஆண் சுண்டெலிகளும் மலடாயின. அடுத்த ஆண்டே அதே ஆய்வாளர்கள், ஹாம்ஸ்டரின் ஜூனோ மனிதனின் இசுமோ1-ஐப் பற்றிக்கொள்கிறது என்று காட்டினார்கள். யானகிமாச்சி கண்டதற்கு ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது. ஹாம்ஸ்டர் தன் காவலை உறையில் வைத்திருக்கிறது, சவ்வில் தளர்த்திவிட்டிருக்கிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் அடுத்து மனத்தில் எழக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1977-ல் வெளியான ஓர் ஆய்வில், மனித விந்தணு கிப்பன் குரங்கின் முட்டையுறையில் ஒட்டியது. பபூன், ரீசஸ் குரங்கு போன்றவற்றின் உறையில் ஒட்டவில்லை. உறவு நெருங்கும்போது தடை தளர்கிறது. 1927-ல் இல்யா இவானோவ் என்ற ரஷ்ய உயிரியலாளர் பிரெஞ்சு கினியில் மூன்று பெண் சிம்பன்சிகளுக்கு மனித விந்தைச் செலுத்தினார், எதுவும் கருத்தரிக்கவில்லை. மூன்று விலங்குகளை வைத்து அறிவியல் முடிவு எதற்கும் வர முடியாது. அவற்றுக்கு இழைக்கப்பட்டதையும் சரி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: உளுந்தையும் பச்சைப்பயறையும் கலப்பினமாக்க முயலும்போது, ஒரு பக்கம் காய் பிடிக்கிறது, மறுபக்கம் பிடிப்பதே இல்லை என்று விதை ஆராய்ச்சிப் பண்ணையில் சொன்னார்கள். இரண்டும் 22 குரோமோசோம் கொண்டவைதானே? (வேளாண் பட்டதாரி, தஞ்சாவூர்)

பதில்: குரோமோசோம் எண்ணிக்கை ஒத்திருப்பது கருவுக்குப் பிந்தைய சிக்கலைக் குறைக்கும், மகரந்தக் குழலின் பயணத்துக்கு உத்தரவாதம் தராது. உங்கள் பகுதியில் நெல் தரிசில் இரண்டையும் அருகருகே விதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் மொட்டிலேயே தன் மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்வதால் இயற்கைக் கலப்பு அரிது. பண்ணையில் மாலை நேரத்தில் மொட்டைத் திறந்து மகரந்தப் பைகளை நீக்கிவிட்டு, மறுநாள் காலையில் வேற்று மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவுகிறார்கள். பச்சைப்பயறு தாயாகவும் உளுந்து தந்தையாகவும் இருந்தால் சில காய்கள் பிடிக்கும். விதைகள் பல சுருங்கியிருந்தாலும் சில முளைக்கும். உளுந்தைத் தாயாக்கினால் பெரும்பாலும் பலனிருக்காது. மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் இயல்பை உளுந்திலிருந்து பச்சைப்பயறுக்குக் கொண்டுவர விரும்புவோர் ஆகவே பச்சைப்பயறையே தாயாக வைக்கிறார்கள்.

பூவில் விந்தணு நீந்தி வருவதில்லை. மகரந்தத் தூளிலிருந்து வளரும் குழல் அதைச் சுமந்து செல்கிறது. சூலகமுடி ஈரம் தந்தால்தான் தூள் முளைக்கும். சூல்தண்டின் ஊடே குழல் உணவு பெற்று வளர வேண்டும். கடைசியில் சூலைக் கண்டுபிடிக்கவும் வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தை ஜப்பானில் தெட்சுயா ஹிகாஷியாமாவின் குழு டோரேனியா என்ற தோட்டப் பூச்செடியில் கண்ணால் கண்டது. அந்தச் செடியில், முட்டைச் செல்லைக் கொண்ட சிறு பையான கருப்பை சூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நுண்ணோக்கியில் நேராகப் பார்க்கலாம். 2001-ல் அவர்கள் முட்டைச் செல்லின் பக்கத்திலுள்ள இரண்டு துணைச் செல்களையும் லேசர் கதிரால் அழித்தபோது, குழல்கள் வழி தெரியாமல் திரிந்தன. ஒன்றை மட்டும் விட்டுவைத்தபோது சில வந்து சேர்ந்தன. அச்செல்கள் சுரக்கும் லூர் என்னும் சிறு புரதங்களே குழலை ஈர்க்கின்றன என்று 2009-ல் தெரிந்தது. அவற்றின் அமைப்பு இனத்துக்கு இனம் வேறுபடுவதால், வேற்றினத்துக் குழலுக்கு அந்த அழைப்பு விளங்குவதில்லை.

தடை வெறும் நீளமாகவும் இருக்கலாம். மக்காச்சோளக் கதிரின் பட்டிழை ஒவ்வொன்றும் ஒரு சூல்தண்டு. ஒரு சாண் நீளத்தையும் தாண்டும் அதனுள் முழுத் தூரத்தையும் குழல் வளர்ந்து கடக்க வேண்டும். மக்காச்சோளத்தின் காட்டு உறவான டிரிப்சகத்தின் குழலுக்கு அந்தத் தூரம் எட்டாது. 1931-ல் டெக்சாஸில் மாங்கல்ஸ்டார்ஃபும் ரீவ்ஸும் பட்டிழைகளைக் குட்டையாக வெட்டிவிட்டு மகரந்தத்தைத் தூவி, கலப்பின விதைகளைப் பெற்றார்கள்.

நம் கோயம்புத்தூரும் இந்த வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், இனிப்புக் கரும்பையும் காட்டுக் கரும்பையும் சேர்த்து உருவாக்கிய கோ 205 என்ற கரும்பு ரகம் வட இந்திய வயல்களுக்குப் போனது. 1930-களில் அங்கே பணியாற்றிய ஜானகி அம்மாள், கரும்பை மக்காச்சோளத்தோடும் சோளத்தோடும் சேர்த்துப் பேரினம் கடந்த கலப்புகளையே பெற்றார். எந்தத் தடை முழுமையானது, எது பொறுமைக்கு இடம் கொடுப்பது என்பதைக் கையால் செய்து பார்த்தே அறிய முடியும் என்பதற்கு அவருடைய பணியை நான் எப்போதும் சுட்டிக்காட்டுவேன்.

கேள்வி: குஞ்சு பொரிப்பகத்தில் கட்லா, ரோகு, மிர்கால் கெண்டைகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் முட்டையிட ஊசி போட்டு ஒரே தொட்டியில் விடுகிறார்கள். இதில் கலப்பினம் வராதா? வந்தால் என்ன கெடுதல்? (மீன் பண்ணையாளர், திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: வரும், வருகிறது. மீன் விந்தணுவின் தலையில் முள்ளெலியில் சொன்ன பை கிடையாது. முட்டையின் கெட்டியான உறையில் உள்ள ஒரே நுண்துளை வழியாக அது உள்ளே போகிறது. நன்னீரில் அதற்கு உள்ள அவகாசம் ஒரு நிமிட அளவுதான். ஆகவே மீனில் தேர்வின் பெரும்பகுதி முட்டையின் சவ்வில் நடக்கிறது. 2018-ல் வியன்னாவில் ஆந்திரியா பவுலியின் குழு பவுன்சர் என்ற புரதத்தை ஜீப்ரா மீனின் முட்டையில் கண்டது. 80 அமினோ அமிலங்களை ஒட்டிய மிகச் சிறிய புரதம் அது. அதை நீக்கினால் தன் இனத்து விந்தணுகூட உள்ளே வராது. அதற்குப் பதிலாக மெடாக்கா என்ற ஜப்பானிய மீனின் பவுன்சரை வைத்தபோது, 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் பிரிந்து வாழும் அந்த மெடாக்காவின் விந்தணு ஜீப்ரா மீன் முட்டைக்குள் நுழைந்தது. அப்படி உண்டான கருக்கள் மீனாக வளரவில்லை என்றாலும், வாசலில் நின்ற தடை ஒரு புரதத்தை மாற்றியதில் விலகியது.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் இதற்கு நேர்மாறான நிலையில் உள்ளன. நெருங்கிய உறவுகள், மூன்றுக்கும் 50 குரோமோசோம்கள், முட்டைகள் ஒன்றின் விந்தணுவை மற்றொன்று தாராளமாக ஏற்கின்றன, பிறக்கும் கலப்புகள் வளர்ந்து தாமும் சினைப்படுகின்றன. ஆற்றில் இம்மீன்கள் வெள்ளக் காலத்தில் தத்தம் இணையோடு கூடி முட்டையிடுவதால் கலப்பு குறைவு. அங்கே இனத்தைக் காத்துவந்தது பெரும்பாலும் இந்தக் கூடும் பழக்கம்தான். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் பண்ணையில் ஹீராலால் சவுத்ரி பிட்யூட்டரிச் சாற்று ஊசியால் கெண்டைகளை முட்டையிட வைத்து வெற்றி கண்டது நம் நன்னீர் மீன் வளர்ப்பையே மாற்றியது. அதே ஊசி, பல இனங்களை ஒரே நேரத்தில் ஒரே தொட்டியில் முட்டையிட வைக்கும்போது, ஆறு கொடுத்திருந்த பாதுகாப்பு போய்விடுகிறது.

கெடுதல் இரண்டு வகை. கட்லா மேல்மட்டத்தில் தன் நெருக்கமான செவுள் சீப்பால் மிதவை உயிர்களை வடித்துத் தின்கிறது. ரோகு நடுமட்டத்திலும் மிர்கால் அடிமட்டத்திலும் மேய்கின்றன. கூட்டு மீன் வளர்ப்பின் கணக்கே இந்தப் பங்கீட்டை நம்பியது. இரண்டுக்கும் நடுவான உருவம் கொண்ட கலப்பு மீன் இந்தப் பங்கீட்டைக் குழப்பிவிடுகிறது. அதைவிடப் பெரிது இரண்டாவது: கலப்பு மீன்கள் மலடல்ல என்பதால், அடையாளம் தெரியாமல் அடுத்த ஆண்டின் தாய் மீன்களாகத் தேர்வாகி, பண்ணையின் இருப்பு முழுவதையும் சில தலைமுறைகளில் கலப்பாக்கிவிடும், வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்குப் போனால் அங்கேயும் அதே கதி. கட்லா–ரோகு கலப்பின் சிறிய தலையையும் நல்ல வளர்ச்சியையும் காட்டி அதை ஆதரிப்போர் உண்டு. வேண்டுமென்றே உருவாக்கி, முழுவதையும் அறுவடை செய்து விற்பவரைப் பற்றி எனக்குக் குறை இல்லை. தெரியாமல் கலந்து, தூய ரகம் என்று குஞ்சு விற்பதுதான் தவறு.

குஞ்சு வாங்கும் இடத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தொட்டியோ தனி நாளோ ஒதுக்குகிறார்களா, ஒரு தொகுதி முடிந்து தொட்டியைக் கழுவிய பிறகே அடுத்ததை விடுகிறார்களா என்று கேளுங்கள். நீங்களே தாய் மீன் வைத்திருந்தால், தலையின் அளவு, வாயின் அமைப்பு, உதட்டோரச் சுருக்கம் ஆகியவற்றைப் பார்த்து, ஐயத்துக்குரியவற்றைச் சந்தைக்கு அனுப்பிவிடுங்கள், ஊசிக்கு எடுக்காதீர்கள்.